ஃபிளாஷ் போடாத முகூர்த்தம்

புதுக் கேமராவைப் பற்றி யாராவது வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. நாஞ்சில் நாட்டுக் கல்யாண மண்டபங்களில் தோளில் பையோடு நின்று நின்று ஒரு பக்கத் தோள் இறங்கிவிட்டது. முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். இது எந்த மாடல், எத்தனை மெகாபிக்சல் என்று கல்யாண வீட்டு இளவட்டங்கள் கேட்கும்போது, பந்தி எப்போது போடுவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் அலட்சியமாக இருக்க முடியாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் எடுக்கும் விஷயம் அது. அதில் இந்தக் கேமராக்கள் செய்திருக்கும் வேலை சாமானியமானதல்ல. கேமராவைக் குறை சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. அதுதான் என் கஷ்டம்.

2004-ல் என் கையில் இருந்தது ஃபிலிம் கேமரா. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். எங்கள் பக்கத்து மண்டபங்கள் அப்போது பெரும்பாலும் ஓடு போட்டவை. உள்ளே நாலு டியூப் லைட் இருக்கும், அதில் ஒன்று எப்போதும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஆனி மாதத்து மழை வெளியே கறுத்து நின்றால் காலை ஒன்பது மணிக்கே உள்ளே அந்தி ஆகிவிடும். ஃபிளாஷ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்த ஃபிளாஷோ பத்தடி, பன்னிரண்டடி வரைக்கும்தான் போகும். முன்னால் நிற்பவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருக்கும். பின்னால் நிற்பவர்கள் மொத்தமாகக் கறுப்புக்குள் போய்விடுவார்கள். ஆல்பத்தைப் பார்த்தால் கல்யாணத்துக்கு வந்ததே முன்வரிசை மட்டும்தான் என்று தோன்றும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும்தான்.

அந்த வருடம்தான் என் மூத்த தங்கைக்குக் கல்யாணம். சுசீந்திரத்துக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ச் சமுதாய மண்டபத்தில்தான் முகூர்த்தம். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்ததால், தாரை வார்த்துக் கொடுக்க மாமாவும் மாமியும் மணவறையில் இருந்தார்கள். பெண்ணின் அண்ணன் என்ற முறையில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நான் கேமராவைத் தூக்கினேன். சொந்தத் தங்கை கல்யாணத்துக்காவது வேறு ஆளைப் போட்டு எடுக்கக் கூடாதா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். எனக்கு மற்றவர் கையில் நம்பிக்கை கிடையாது. அந்தக் குணம் இன்றைக்கும் போகவில்லை.

அம்மா மணவறைப் பக்கம் வரவில்லை. வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இதையெல்லாம் வாய் திறந்து சொல்லும் வழக்கம் இல்லை. அரிசி, தேங்காய், பலசரக்கு, வாழைக்குலை எல்லாவற்றையும் வைத்துப் பூட்டும் அறைக்குக் கலவறை என்று பெயர். கல்யாணத்துக்கு முந்தின நாளே அந்தக் கலவறைச் சாவியைக் கேட்டு வாங்கி அம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அம்மா எங்கே என்று யாராவது கேட்டால், கலவறையில் நிற்கிறாள், சாமான் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா என்று பதில் வரும். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் சங்கடம் இல்லை. புருஷன் இல்லாதவள் என்ற சொல்லை யாரும் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அந்தச் சாவி எப்படியோ சுற்றி இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் இடுப்புக்குத்தான் வந்து சேரும். அத்தனை கல்யாணம் எடுத்தும் நான் அதை அதுவரை கவனித்ததில்லை என்று நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

கலவறை வாசல் மணவறைக்கு இடது பக்கம், விளக்கில்லாத ஒரு நடையின் கடைசியில் இருந்தது. மேளம் முழங்கியது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். மாப்பிள்ளை தாலி கட்டினார். நான் ஃபிளாஷ் போட்டு நாலு படம் எடுத்தேன். நாலும் நன்றாக விழுந்திருந்தன.

ஆல்பம் தயாராகி வந்த அன்று அம்மா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பார்த்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டி வந்தவள் தாலி கட்டும் படத்தில் நின்றுவிட்டாள். பின்னால் விளக்குப் பிடித்து நிற்பது யார் என்று கேட்டாள். மாப்பிள்ளையின் அக்கா என்றேன். எத்தனை முடிச்சு மாப்பிள்ளை போட்டார், எத்தனை அக்கா போட்டாள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கல்யாண அலைச்சலில் பாவம் எல்லாம் மறந்துபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் விரல் பைய நகர்ந்து படத்தின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் கறுப்பு.

“நான் இங்கன நின்னேன் மக்கா,” என்றாள்.

சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஆனால் அந்த விரல் என்னை விடவில்லை. பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் அம்மாவை நானே இருட்டுக்குள் போட்டுவிட்டேன் என்று தோன்றியது. மறுநாளே நெகட்டிவை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் இருக்கும் லேபுக்குப் போனேன். அந்த ஓரத்தைக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னேன். லேப்காரர் என் முகத்துக்காக இரண்டு தடவை முயற்சி செய்தார். கறுப்பு இருந்த இடத்தில் கலங்கிய காப்பி நிறம் வந்தது, அவ்வளவுதான். நெகட்டிவில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவர முடியும் என்று அவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

அதற்குப் பிறகு நான் கேமராக்களைப் பார்த்த விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு புது மாடல் வரும்போதும் எனக்கு ஒரே கேள்விதான், ஃபிளாஷ் இல்லாமல் எவ்வளவு தூரம் போகும்? முதலில் வாங்கிய டிஜிட்டல் கேமராவில், வெளிச்சத்தை உறிஞ்சும் திறனைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.வை எண்ணூறுக்கு ஏற்றினாலே மணப்பெண்ணின் கன்னத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி விழும். குளிர்காலத்தில் எடுத்த கல்யாணமானாலும் எல்லோருக்கும் வேர்க்குரு வந்தது போல இருக்கும். அடுத்தது வந்தது, அது கொஞ்சம் தேவலை. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். நான் இப்படிக் காத்துக்கொண்டிருந்ததில் எட்டு வருடம் போய்விட்டது. இளையவளுக்கும் ஒரு இடம் அமையட்டும் என்று என் கல்யாணப் பேச்சையும் தள்ளிப்போட்டிருந்தேன். முன்நெற்றி ஏறிவிட்டது.

2012-ல் மூத்த தங்கையும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் இருந்தார்கள். ஊருக்கு வந்த ஒரு நண்பர் மூலம் மாப்பிள்ளை எனக்கு ஒரு கேமராவும், முழுக்கத் திறந்தால் கிணற்று வாய் போல இருக்கும் ஒரு லென்ஸும் கொடுத்தனுப்பினார். அன்று சாயங்காலம் மின்வெட்டு. வீட்டுக்குள் ஒரு சிம்னி விளக்குதான் எரிந்தது. ஐ.எஸ்.ஓ.வை ஆறாயிரத்துக்கு மேல் ஏற்றிவிட்டு, அடுக்களைச் சுவரைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். சுவரில் மாட்டியிருந்த முறத்தின் பின்னல் தெரிந்தது. உறியில் இருந்த சட்டியின் கழுத்தில் கரி வழிந்திருந்தது தெரிந்தது. கேமராவை இறக்கி என் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உண்மையாகவே மயிர் கூச்செறிந்தது.

பிறகு அதைப் போகிற இடமெல்லாம் சோதித்தேன். கடற்கரை ஊர் ஒன்றின் மாதா கோயிலில் ஒரு கல்யாணப் பூசை. பூசை நேரத்தில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்பது அந்தப் பங்குச் சாமியாரின் கட்டளை. முன்பெல்லாம் அந்தக் கோயிலில் எடுத்த படங்களில் பாதி கறுப்பாகத்தான் வரும். இந்தத் தடவை பீடத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மணப்பெண்ணின் கண் ஓரத்தில் நின்ற தண்ணீர் வரைக்கும் விழுந்தது. இரணியல் ஸ்டேஷனில் விடியலுக்கு முந்தின ரயிலுக்குக் காத்திருந்த மீன்காரப் பெண்களை எடுத்தேன். ஆக்குப்புரைப் புகைக்குள் நின்று பாயசம் கிண்டும் சமையல்காரரை எடுத்தேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, முப்பது வருடமாக இங்கே வேலை செய்கிறேன், என்னை யாராவது எடுத்து இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். களைத்துப்போயிருந்த எனக்கு அந்தச் சில மாதங்கள் மட்டும் தொழிலில் மறுபடியும் ருசி தட்டியது.

இளைய தங்கைக்கு அந்த வருடமே கல்யாணம் கூடி வந்தது. அதே மண்டபம், அதே மாமாவும் மாமியும். மூத்தவளுக்குப் பிரசவ மாதம் நெருங்கியிருந்ததால் மஸ்கட்டிலிருந்து விமானம் ஏற முடியவில்லை. தாலி கட்டும் படத்தை முதலில் எனக்கு அனுப்ப வேண்டும் என்று போனில் அழுதாள். அனுப்புகிறேன் என்றேன். மனதுக்குள் எனக்கு வேறு ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் தங்கையும் தாலியும், பின்னால் கலவறை வாசலில் அம்மா. ஒரே படத்தில் இருவரும். யாரிடமும் சொல்லவில்லை.

எதிர்பார்த்தபடியே முந்தின நாள் அம்மா சாவியைக் கேட்டு வாங்கினாள். எல்லோரும் போன பிறகு நான் மணவறையின் வலது ஓரத்தில் நின்று, இருண்டு கிடந்த அந்த நடையைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். கலவறைக்குள் குவித்திருந்த தேங்காயின் நார்கூட எண்ணலாம் போல விழுந்தது. ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வீடியோக்காரர் தன் கேமராவின் தலையில் மாட்டியிருக்கும் லைட்டைப் போட்டால் மணவறை கண்ணைக் கூசும், நடை பழையபடி கறுத்துப்போகும். தாலி கட்டும் ஒரு நிமிடம் மட்டும் அந்த லைட்டை அணைக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அவர் தயங்கினார். தன்னுடையது பழைய கேமரா, லைட் இல்லாவிட்டால் ஒன்றும் விழாது என்றார். நான் என் கேமராவைத் தூக்கிக் காட்டி, நான் இருக்கிறேன் இல்லையா, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெண்ணின் அண்ணன் சொல்கிறானே என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

முகூர்த்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மண்டபம் இருண்டது. லைட் அணைந்தது. நான் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். அப்படித் திறந்தால் ஒன்றுதான் தெளிவாக விழும், மற்றது கலங்கிப்போகும். எனக்குத் தெரியாத விஷயமா? முதலில் அம்மா, உடனே தாலி என்று மனதில் கணக்குப் போட்டிருந்தேன். குரவை எழுந்ததும் கேமராவை அம்மாமேல் நிறுத்தினேன். எட்டு வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கதவுநிலையில் ஒரு கை, இடுப்பில் சாவி. ஒரு படம் போதும் என்று விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஆறு, ஏழு என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். முன்வரிசை எழுந்து நின்று அட்சதை போட்டது. மாமாவின் தோள் குறுக்கே வந்தது. நான் கேமராவைத் திருப்பியபோது புது மாப்பிள்ளையின் அக்கா கடைசி முடிச்சையும் போட்டுக் கையை எடுத்துவிட்டிருந்தாள்.

பதற்றம் இருந்தது, ஆனால் கையில் வித்தையும் இருந்தது. எத்தனையோ கல்யாணங்களில் செய்ததுதான். மாலை மாற்றி, குங்குமம் வைத்து முடிந்ததும் மாப்பிள்ளையிடம் கையை ஒருமுறை அப்படியே கழுத்தருகே கொண்டுபோகச் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே செய்தார். நான் எடுத்தேன். பிறகு ஓரமாகப் போய் கேமராவின் சின்னத் திரையில் அம்மாவைப் பார்த்தேன். சாவியின் பித்தளை மினுங்கியது தெரிந்தது. என் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவள் கண்கள் மூடியிருப்பது தெரிந்தது. மகளுக்காகச் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். படம் இன்னும் அழகாகிவிட்டது போலிருந்தது. அதைப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு வைத்தேன்.

ஆல்பம் வந்தது. அம்மா பழையபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இந்தத் தடவை வேகமாகப் புரட்டினாள், எதையோ தேடுகிறவள் போல. தாலிப் படம் வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

“இது பொறவு எடுத்ததுல்லா மக்கா? நெத்தியில குங்குமம் கெடக்கே. விளக்குப் பிடிச்சவளயும் காணல்ல,” என்றாள். “கெட்டும்போ எடுத்தது எங்க?”

நான் ஒளித்து வைத்திருந்த பிரிண்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பரிசு கொடுக்கிறவனைப் போல நின்றேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த இருட்டில் இவ்வளவு வெட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். கேமரா அப்படி என்றேன். பிறகு, கண்ணை மூடிக்கொண்டல்லவா நிற்கிறேன் என்றாள். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாய் என்றேன்.

“சாமி கும்பிடல்ல மக்கா. கொரவ கேட்டா நான் கண்ண மூடிக்கிடுவேன். எனக்க கண்ணு பிள்ளைக்க தாலியில பட்டுரப்பிடாதுல்லா. மூத்தவளுக்கும் பாக்கல்ல. நீ எடுத்தியே, அந்தப் படத்துலதான் பாத்தேன். படத்துல பாத்தா ஒண்ணும் இல்லல்லா.”

அன்று விரலை வைத்துக் காட்டினாயே, அந்தக் கறுப்பு, என்று கேட்டேன். நின்ற இடத்தைக் காட்டினேன், அவ்வளவுதான் என்றாள். படத்தில் தான் விழவில்லை என்பது அவளுக்கு அன்று பெரிய சமாதானமாக இருந்ததாம். இந்தப் பிரிண்டை ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா, சாவியைக் கொடுத்தவர்கள்மேலா, என்மேலா என்று பிரிக்கத் தெரியாத கோபம். எட்டு வருடம் நான் ஏந்தித் திரிந்த வருத்தம் என்னுடையது மட்டும்தான். அவளுக்கு அப்படி ஒரு குறையே இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம், அதைத்தான் நான் எடுக்கவில்லை.

அதைச் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. போகட்டும் மக்கா, வீடியோவில் இருக்குமே என்றாள். சி.டி.யைப் போட்டேன். டி.வி.க்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். கால் கழுவுவது தெரிந்தது, தாரை வார்ப்பது தெரிந்தது. சரியாகத் தாலித் தட்டு வந்த இடத்தில் லைட் அணைந்தது. திரை முழுக்கக் கொசு மொய்ப்பது போலப் புள்ளிகள். அதற்குள் உருவங்கள் அசைந்தன, எது தங்கை, எது மாப்பிள்ளை என்று சொல்ல முடியவில்லை. சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. குரவை எழுந்ததும் அம்மாவின் இமை தன்னால் மூடியது. சட்டென்று நினைவு வந்து திறந்துகொண்டாள்.

நான் திருப்பிப் போட்டேன். இரண்டாம் தடவையும் அதேதான்.

“ஒண்ணும் தெரியல்லியே,” என்றாள். “நீ பக்கத்துலதான நின்ன. எப்பிடிக் கெட்டினாரு? மொத முடிச்சு போடும்போ பிள்ள தலைய குனிஞ்சிருந்தாளா? நீ சொல்லு மக்கா, நான் கேட்டுக்கிடுகேன்.”

ஏதாவது சொல்லியிருக்கலாம். நூறு தாலி பார்த்தவன், ஒன்றை எடுத்து அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

“நானும் பாக்கல்லம்மா. உன்னப் பாத்துட்டு நின்னேன்.”

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மூத்தவளும் வரல்ல,” என்றாள். “அப்போ நம்ம வீட்டுல ஒருத்தரும் பாக்கல்ல, இல்லியா மக்கா.”

நான் தலையை ஆட்டினேன். டி.வி.யில் லைட் மறுபடியும் எரிந்தது. பந்தியில் ஈர இலை போட்டுக்கொண்டு போனார்கள், ஒவ்வொரு இலையின் நரம்பும் பளிச்சென்று தெரிந்தது.